ரசீதில் கோமேதகம் என்று எழுதிய கல்

கல் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம், "சார், உங்க சர்வீஸ்ல நீங்க பாத்ததுலயே அபூர்வமான கல் எது?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன். எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. கேட்டவர்மேல் எரிச்சல் இல்லை. அந்தக் கல் என் கைக்கு வந்த நாலைந்து நாட்களில் நான் செய்துவைத்த காரியங்களின்மேல். ஒரே கல்லில் இரண்டு தவறு செய்தேன்; ஒன்று பேனாவால், இன்னொன்று வாயால். கருவியை எப்படிப் பிடிப்பது, எண்ணை எப்படிப் படிப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லித்தந்துவிடுவார்கள். இதைச் சொல்லித்தர மாட்டார்கள். சொன்னால் தங்கள் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

2009 வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு நகைக்கடையின் கல் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஒரகடம் சாலையில் புதிது புதிதாகக் கம்பெனிகள் சுற்றுச்சுவர் எழுப்பிக்கொண்டிருந்த காலம். காலையில் பிள்ளைப்பாக்கம் பக்கத்துக் குடும்பங்கள் நிலம் விற்ற கையோடு வேன் பிடித்து வருவார்கள். மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில் தெற்கத்திப் பிள்ளைகள் வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ராசிக்கல் வேண்டும். என்ன கல் என்று ஜோசியர் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டு கையில் இருக்கும். நான் கல்லைப் படித்தவன். அவர்கள் சீட்டைப் படித்தவர்கள். கேட்டதற்கும் இருப்பதற்கும் நடுவில் நின்று தினமும் தொண்டை வற்றப் பேசுவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி, "இன்னிக்கு யாரு மேல கோவம்?" என்றுதான் கதவைத் திறப்பாள்.

ஆவணி முகூர்த்தக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த ஒரு மதியம், சீருடையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். பெயர் முத்துச்செல்வி. இருபத்தொரு வயது இருக்கும். ராமநாதபுரம் பக்கம். செல்போனுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் வேலை. மோதிர விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

"அண்ணே, இத வெட்டி எடுக்கணும். கல்லுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

"சோப்பு போட்டுப் பாத்தியாம்மா?"

"சோப்பு, எண்ண எல்லாம் போட்டாச்சுண்ணே. மோதிரத்தோட லைனுக்குள்ள வரக்கூடாதுன்னு சூப்பர்வைசர் நிப்பாட்டிட்டாரு. கம்பெனி பஸ்ஸு ரெண்டேகாலுக்கு. அதுக்குள்ள முடியுமா?"

எங்கள் கடையில் நகை வேலைக்குப் பத்தர் ஒருவர் இருந்தார். மண்ணூர்க்காரர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்குமேல் பேசாதவர். அவர் ஐந்து நிமிடத்தில் வளையத்தை வெட்டிக் கழற்றிவிட்டார். லைனுக்குப் போகும்போது கழற்றி வைக்கிற மாதிரி மோதிரத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். "கல்லு என்னம்மா?" என்று கேட்டேன். "கோமேதகம்ணே. அப்பா குடுத்தது. எனக்கு ராகு தெச" என்றாள். ஒரு பார்வை பார்த்தேன். அழுக்கேறிய, கல்லின் அடிப்பக்கத்தை மூடிய பழைய கட்டு. உள்ளே ஏதோ ஆரஞ்சு நிறம். கவுண்டரில் நாலு பேர் காத்திருந்தார்கள். 'கோமேதகம் 1' என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இதுதான் முதல் தவறு. இருபது வருட அனுபவம் இருந்ததால்தான் அந்தத் தவறைச் செய்தேன் என்று சொன்னால் நம்புங்கள். புதியவனாக இருந்திருந்தால் பயந்துகொண்டாவது லென்ஸை எடுத்திருப்பேன்.

மறுநாள் காலை, வளையத்தைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுவதற்குமுன் பத்தர் கல்லைக் கழற்றிக் கழுவி, உள்ளங்கையில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார்.

"சார், இது வேற மாரி கீது. வாசல்ல வெச்சிப் பாருங்க."

வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆரஞ்சு என்றால் முழு ஆரஞ்சு இல்லை. ரோஜா நிறம் என்றால் அதுவும் இல்லை. தாமரை இதழின்மேல் மாலை வெயில் விழுந்தால் ஒரு நிறம் வருமே, அது. கோமேதகத்துக்குள் வெல்லப்பாகு கரைந்ததுபோல் ஒரு கலங்கல் தெரியும். இதில் அது இல்லை. மெல்லிய பட்டு இழைகள்தான் தெரிந்தன. உள்ளே போய், கல்லின் ஒளிவிலகல் எண்ணைக் காட்டும் கருவியில் வைத்தேன். வந்த எண் கோமேதகத்துக்கு உரியது இல்லை, நீலக்கல் இனத்துக்கு உரியது.

நீலக்கல் இனத்திலேயே அரிதான ஒரு நிறம் உண்டு. வெளியூர் வியாபாரிகள் அதைப் பத்பராட்சா என்பார்கள். இலங்கையில் தாமரை நிறக் கல்லுக்கு வழங்கிய பெயர் திரிந்து வந்தது அது. படத்தில் பார்த்திருந்தேன், சென்னையில் ஒரு வியாபாரியின் கையில் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். ஆனால் இதே நிறத்தை ரசாயனம் சேர்த்துச் சூடுகாட்டி வரவழைத்த கற்களும் அப்போது சந்தையில் நிறைய வந்திருந்தன. சூடுகாட்டினால் சிதைந்துவிடும் பட்டு இழைகள் இதில் அப்படியே இருந்ததால் இயற்கை என்றே என் மனது சொன்னது. ஆனாலும் ஆய்வகம் சொல்லாமல் யாரும் அடித்துச் சொல்லக்கூடாது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கல்லைப் பார்க்கவே இல்லை.

"ரசீதுல இன்னா எழுதினே?"

"கோமேதகம்னு."

"அப்பறம் இன்னா? கோமேதகத்த வெச்சுக் குடு."

இதை அவர் குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை. டீ வாங்கிவரச் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆனால் பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் பிறவித் திருடர் இல்லை. கதவு திறந்து கிடந்தால் உள்ளே எட்டிப் பார்க்கிற சாதாரண மனிதர். கதவைத் திறந்துவைத்தது என் பேனா. நீங்கள் சோதிக்காமல் எழுதுகிற ஒரு பெயர், யாரோ ஒருவருக்கு வழி காட்டிக்கொடுக்கும். அதனால் தெரியாதபோது பெயரை எழுதாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். 'ஆரஞ்சு நிறக் கல் ஒன்று' என்று எழுதியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.

அந்தக் கோபத்திலேயே இரண்டாவது தவறைச் செய்தேன். அந்தப் பெண் வந்ததும் வராததுமாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதன்பிறகு யாரும் எதுவும் செய்ய முடியாது என்று கணக்குப் போட்டேன். மதியம் அறைத்தோழி ஒருத்தியோடு வந்தாள். கவுண்டரில் பிள்ளைப்பாக்கத்துக் குடும்பம் ஒன்று தாலிச் சரடு பார்த்துக்கொண்டிருந்தது. எல்லார் எதிரிலும் சொன்னேன்.

"முத்துச்செல்வி, உன் கல்லு கோமேதகம் இல்லம்மா. நீலத்துல ஒரு வகை. ரொம்ப அபூர்வமானது."

சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீலமா? அது சனி கல்லுல்ல?"

"இல்லம்மா, அந்த நீலம் வேற..."

"நீலம்னு நீங்கதானண்ணே சொன்னீங்க."

தாலிச் சரடு பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பினார். "நீலமா? எங்க வூட்ல பெரிய மச்சான் ஆசப்பட்டு நீலம் போட்டாரு. மூணாம் நாளே வண்டிலேந்து வுழுந்து கால ஒடச்சிக்கினாரு. கழட்டிப் போட்டுடு பொண்ணு."

நீலம் என்று பெயர் வைத்த கல் மஞ்சளாகவும் இருக்கும், ரோஜா நிறமாகவும் இருக்கும், அதற்கும் சனிக்கும் சம்பந்தமில்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. முத்துச்செல்வி தன் மூன்று வருடத்தை அந்தக் கல்லோடு வைத்து ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வருசமா இதையா போட்டுருந்தேன்? போன வருசம் டைபாய்டு வந்துச்சு. ரெண்டு வரன் தட்டிப்போச்சு. அண்ணே, எனக்கு இது வேணாம். கோமேதகமே வச்சுக் குடுத்துருங்க. இத நீங்களே எடுத்துக்கங்க."

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார். நடக்கும்போதே முகம் மலர்ந்திருந்தது. "அதுவே கேக்குது. நீ இன்னாத்துக்கு நடுவுல? மாத்திக் குடு."

யோசித்துப் பாருங்கள். ஏமாற்று இல்லை, பொய் இல்லை. உடையவளே, சாட்சிகளுக்கு முன்னால், தன் வாயால் கொடுக்கிறாள். நான் உண்மையைச் சொன்னதால்தான் கொடுக்கிறாள். மணி ஒன்றே முக்கால். பஸ்ஸுக்கு அரை மணி நேரம். அந்த நேரத்தில் அவளுக்கு ரத்தினவியல் நடத்த முடியாது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. வாதத்தில் தோற்கிறோம் என்று தெரிந்தால் வாதத்தை நிறுத்திவிட வேண்டும். அதுவரை நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

"சரிம்மா, மாத்திக்கலாம். ஆனா ஆய்வகத்துலேருந்து ரிப்போர்ட் வராம எந்தக் கல்லையும் மாத்துறதில்ல" என்றேன். அப்படி ஒரு விதியே கடையில் கிடையாது. முதலாளி என்னை முறைத்தார். வாடிக்கையாளர்கள் எதிரில் அதை மறுக்கவும் அவரால் முடியவில்லை. பழைய ரசீதை வாங்கி, 'கோமேதகம்' என்பதை அடித்தேன். அதன் கீழே நிறம், எடை, நீள அகலம், உள்ளே தெரிந்த இழைகள் எல்லாவற்றையும் எழுதினேன். பெயர் என்ற இடத்தில் 'ஆய்வுக்குப் பின்' என்றும், உரிமையாளர் என்ற இடத்தில் முத்துச்செல்வி என்றும் எழுதினேன்.

"ரூம்ல ஆறு பேரு இருக்கோம்ணே. அங்க வைக்க முடியாது. கம்பெனிக்குள்ளயும் விட மாட்டாங்க" என்றாள். கல்லைக் காகித உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின்மேல் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். நான் போட்டேன். பத்தரைக் கூப்பிட்டேன். அவர் ஏன் என்று கேட்காமல் வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, போட்டார். உறை கடைப் பெட்டகத்துக்குள் போனது. அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். கூடவே அந்தத் தோழியும் ஓடினாள். அவளை நான் கவனிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை கடைக்கு ஒரு போன் வந்தது.

"கல்லு பாத்தது நீங்கதானுங்களா? நான் முத்துச்செல்வி அப்பா பேசுறேன்."

"ஆமாங்க, சொல்லுங்க."

"அது நீலத்துல ஒரு வகைன்னு சொன்னீங்களாமே."

"சொன்னேங்க. உங்க பொண்ணுகிட்ட இருக்கிறது கோமேதகம் இல்ல..."

"அது எனக்குத் தெரியும்ங்க."

அவரே சொன்னார். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். லீவு நாளில் மாணிக்கக் குழிகளில் மண் அரித்தவர். ஒப்பந்தப்படி தோட்டத் தமிழர்களோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, குழி முதலாளி கையில் வைத்துக் கொடுத்த கல் அது. கொடுக்கும்போதே பேரும் சொல்லித்தான் கொடுத்தாராம்.

"அப்பறம் ஏங்க கோமேதகம்னு சொல்லிவச்சீங்க?" என்று கிட்டத்தட்டக் கத்தினேன்.

"கோமேதகம்னு சொன்னதாலதாங்க இருபத்தஞ்சு வருசமா எங்கிட்ட இருக்கு. பேரச் சொல்லியிருந்தா கப்பல விட்டு எறங்குன அன்னிக்கே போயிருக்கும்."

"கஷ்டத்துக்கு வித்திருக்கலாமே?"

"யாருகிட்டங்க? மண்டபம் கேம்ப்ல இருந்து வந்தவன் கையில அந்தக் கல்லப் பாத்தா, எங்க திருடுனேன்னுதான் கேப்பான். எம் மகளுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு மாட்டிவிட்டேன். அவ கூட இருக்கிற புள்ள ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிருச்சு. மூத்தவன் நேத்து ராத்திரியே பஸ் ஏறிட்டான். சார், நீங்க சொன்னது தப்பில்ல. அவகிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்."

இதைவிட மெதுவாக யாரும் என்னைத் திட்டியதில்லை. கல்லின் பெயர் உடையவருக்குச் சேர வேண்டிய செய்தி. அதைக் கவுண்டரில் நின்று ஊருக்கு அறிவிக்கும் உரிமை நமக்கு இல்லை. இன்றைக்கும் உங்களில் சிலர் நல்ல கல் வந்தால், "ஏய், இங்க வந்து பாரு" என்று பக்கத்து மேசையைக் கூப்பிடுகிறீர்கள். எனக்கு எரிகிறது.

பதினோரு மணிக்கு அவள் அண்ணன் வந்துவிட்டான். சண்டைக்காரன் இல்லை. தூக்கமில்லாத கண், கையில் ஒரு பை. வளைகுடாவுக்குப் போக ஏஜென்டிடம் பாஸ்போர்ட் கொடுத்துவிட்டு, கட்ட வேண்டிய பணத்துக்காகக் காத்திருக்கிறவன். முதலாளி அவனை உட்காரவைத்து குளிர்பானம் வரவழைத்தார். நான் போய்ச் சேர்வதற்குள், கல்லை அப்படியே ஏதோ ஒரு விலைக்குக் கடைக்குக் கொடுத்துவிடுவது என்று பேச்சு முடிந்திருந்தது.

"எங்க வீட்டுப் பொருளு சார். அப்பா குடுத்தது. தங்கச்சியே வேணாம்னு சொல்லிருச்சுல்ல" என்றான்.

"ரசீது அந்தப் பொண்ணு பேருல இருக்குப்பா. அது வராம உறையப் பிரிக்க முடியாது."

முதலாளி மேசையைத் தட்டினார். "கடை என்னுது. பெட்டகம் என்னுது. நீ யாரு முடியாதுன்னு சொல்ல?"

பெட்டகத்தைத் திறந்து உறையை எடுத்துக்கொண்டும் வந்துவிட்டார். அவர் விரல் ஒட்டின இடத்துக்குப் போனது. நான் தடுக்கப் போகவில்லை. கல்லூரிக்குப் போகும் மகன், வீட்டு வாடகை, இந்த வேலை என்று ஏதேதோ கண்முன் ஓடியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

உள்ளே ஊதுகுழல் சத்தம் நின்றது. பத்தர் எழுந்து வந்தார்.

"மொதலாளி, அதுல என் கையெழுத்தும் கீது."

"இன்னா இப்போ அதுக்கு?"

"அந்தப் பொண்ணு வராம பிரிச்சீங்கன்னா, நாளைலேந்து நான் வேற கடை பாத்துக்கறேன்."

பட்டறையில் அந்த முகூர்த்தத்துக்கு முடிக்க வேண்டிய நகைகள் பாதியில் கிடந்தன. அந்த வட்டாரத்தில் அவர் கைக்கு ஈடாக இன்னொரு கை இல்லை என்பது முதலாளிக்குத் தெரியும். உறையை மேசைமேல் போட்டுவிட்டு, "எல்லாரும் சேந்து கடைய மூடிடுங்க" என்று வெளியே போய்விட்டார். பத்தர் திரும்பிப் போய் உட்கார்ந்து குழலை எடுத்தார். நன்றி சொல்லப் போனேன். "வேல கீது சார்" என்றார்.

மறுநாள் முத்துச்செல்வி லீவு போட்டுவிட்டு வந்தாள். இந்த முறை பட்டறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். அவள், அவள் அண்ணன், நான். அப்பா போனில் எல்லாம் சொல்லியிருந்தார் போல. முகம் கடுகடுவென்று இருந்தது.

"அண்ணே, இது நல்லதா கெட்டதா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாதும்மா. இயற்கையா, செயற்கையா, சூடுகாட்டினதா, இதுதான் ஆய்வகம் சொல்லும். அதுக்கு மேல நீதான் சொல்லணும்."

ஆய்வகத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தை எடுத்து வைத்தேன். உரிமையாளர் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. அண்ணன் குனிந்து, "அப்பா பேரு போட்டுறலாம்டி. எல்லாருக்கும் பொதுவா இருக்கும்" என்றான். குரலில் கெஞ்சல் இருந்தது. என் வாய் துடித்தது. கையால் பொத்திக்கொள்ளாத குறை. நான் ஏதாவது சொன்னால் அது மூன்றாவது தவறாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். பிறகு தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு அண்ணனிடம், "ஒன்னய விட்டுற மாட்டேன். ஆனா அவசரப்பட்டு ஏமாறவும் மாட்டேன்" என்றாள்.

ஆய்வகத்திலிருந்து அறிக்கை வந்தது. இயற்கைக் கல், சூடுகாட்டாதது, பத்பராட்சா நிறம் என்று எழுதியிருந்தார்கள். அவள் கல்லையும் அறிக்கையையும் வங்கி லாக்கரில் வைத்தாள். ராகுவுக்காக எங்கள் கடையிலேயே சின்னதாக ஒரு கோமேதக மோதிரம் வாங்கிக்கொண்டாள். தளர்வாகப் போடச் சொல்லிப் பத்தரிடம் கொடுத்தேன். அடுத்த மாதம் முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். காரணமாகச் சொன்னது கடைக்கு நேரத்துக்கு வருவதில்லை என்பது. இருபது வருடமாக நேரத்துக்கு வந்தவன் நான். அதற்கு இன்றைக்கும் எரிச்சல்படுகிறேன்.

நான்கைந்து வருடம் கழித்து அவள் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தது. லைன் லைனாகப் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் என்னைத் தேடிவந்து, "இப்ப விக்கலாம்ணே" என்றாள். சென்னையில் மூன்று வியாபாரிகளிடம் அழைத்துப் போனேன். முதல் இருவர் என்னைப் பார்த்துப் பேசினார்கள். அவர்களிடமிருந்து அவளே கல்லை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். மூன்றாமவர் அவளைப் பார்த்துப் பேசினார். அவருக்குக் கொடுத்தாள். அண்ணனுக்கு ஒரு பங்கு போனது. மீதியில் மண்ணூருக்கு அருகே ஒரு வீட்டை வாங்கி, கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு விடுதியாக்கினாள். அறைக்கு மூன்று பேர்தான், ஒவ்வொருத்திக்கும் பூட்டுப்போட்ட அலமாரி என்பது அவள் போட்ட சட்டம்.

வல்லக்கோட்டை கோயிலுக்குப் போன ஒரு செவ்வாய்க்கிழமை, திரும்பும் வழியில் அந்த விடுதியில் இறங்கினேன். வாசலில் ஒரு பெரியவர் தண்ணீர்க் கேன்களை எண்ணி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அவள் அப்பா. மகளோடு வந்து இருந்துவிட்டார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவரும் என்னை அப்படித்தான் கண்டுபிடித்தார். "நீங்கதானா அது" என்றார். திட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

நாற்காலி போட்டு உட்காரவைத்தார். காபி வந்தது. சுற்றிலும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வாங்குனவரு என்ன பேரு சொல்லி வாங்குனாருங்க?"

நான் பழக்கதோஷத்தில் குரலைத் தாழ்த்தி, "பத்பராட்சா" என்றேன்.

அவர் தலையாட்டினார். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அந்தக் கரையில கேட்டதோட சரி. இந்தக் கரையில யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. இன்னொருவாட்டி சொல்லுங்க."

தெருவில் கம்பெனி பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குமேல் கேட்கும்படி, உரக்கச் சொன்னேன்.